ஏழாவது தகடு

துரு என்றால் ஆரஞ்சு நிறம் என்று நினைப்பவர்களோடு எனக்கு ஒத்துப்போவதே இல்லை. முதல் மழைக்கு வருவதுதான் ஆரஞ்சு. நாற்பது வருஷத் துரு கறுப்பாக இருக்கும். உள்ளுக்குள் லேசாக ஊதா ஓடும். மடிப்புகளில் மட்டும் செங்கல் நிறம் தங்கும். உங்கள் ஸ்டேஷன் ஜன்னல் கம்பிக்கு ஏழெட்டு வயசு இருக்கும், மேடம். வலது பக்கம் யாரோ தினமும் கை வைக்கிறார்கள், அந்த இடம் மட்டும் மழமழவென்று இருக்கிறது. நீங்கள்தான் என்று நினைக்கிறேன். குறை சொல்லவில்லை. தொழில் அப்படி, கண் தானாகப் போய்விடுகிறது.

சினிமாவில் புதுசைப் பழசாக்குவது என் வேலை. கடையிலிருந்து வந்த சட்டையை டீத்தண்ணீரில் ஊறப்போட்டு, உப்புத்தாளால் தேய்த்து, நேற்றுச் செத்தவன் போட்டிருந்தது மாதிரி ஆக்கித் தருவேன். இரும்பு, மரம், சுவர், வண்டி, எதுவானாலும் சரி. செட்டில் எல்லோரும் என்னைத் துரு என்றுதான் கூப்பிடுவார்கள். துரு அண்ணே, துரு சார், வயசைப் பொறுத்து. குடும்பப் படங்களில் எனக்கு ஓரமாக ஏதோ கொஞ்சம் வேலை இருக்கும். ஆனால் உலகம் அழிந்த பிறகு நடக்கிற சண்டைப் படங்கள் இருக்கின்றனவே, அதில் கதாநாயகனைவிட அதிக நேரம் திரையில் தெரிவது என் கைவேலைதான்.

நீங்கள் பாலத்தைப் பற்றிக் கேட்டீர்கள். வருகிறேன். நேராகப் பாலத்தில் ஆரம்பித்தால் என்னைக் கெட்டவன் என்று நினைத்துவிடுவீர்கள். முதலில் உலகத்தைச் சொல்லியாக வேண்டும்.

டைரக்டரும் நானும் ஒன்பது வருஷம் ஒரே அறையில் இருந்தோம். அவன் அப்போது டைரக்டர் இல்லை, நான் துருவும் இல்லை. இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு மேஜை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் அதில் உட்கார்ந்துதான் அந்த உலகத்தைக் கட்டினோம். தண்ணீர் தீர்ந்துபோன ஒரு நகரம். செத்துப்போன மின் நிலையத்தின் ராட்சதக் கோபுரங்களுக்குள் ஜனங்கள் அடுக்கடுக்காகக் குடியிருக்கிறார்கள். ஒரு கோபுரத்திலிருந்து இன்னொன்றுக்குப் போக, கிடைத்த இரும்பையெல்லாம் கோத்துத் தொங்கவிட்ட பாலம்.

அவனுக்குச் சண்டை நன்றாக வரும். யார் எங்கிருந்து குதிப்பது, எந்த வண்டி எதில் மோதுவது, அதில் அவன் கெட்டிக்காரன், மறுக்க மாட்டேன். ஆனால் குதிப்பதற்கு ஒரு கூரை வேண்டுமே. அந்தக் கூரை என்னுடையது. அது எந்தத் தகரம், அதற்கு முன்னால் எந்த வீட்டுக் கதவாக இருந்தது, யார் பெயர்த்துக்கொண்டு வந்தார்கள், எல்லாம் ஐந்து நோட்டில் என் கையெழுத்தில் இருக்கிறது. அந்த உலகத்தில் நீல நிறமே கிடையாது; சாயம் போடத் தண்ணீருக்கு எங்கே போவார்கள். நூல் தீர்ந்துவிட்டதால் துணியைக் கம்பியால் தைப்பார்கள். காவலாளிகளின் தலைக்கவசமெல்லாம் பழைய சமையல் பாத்திரம். பதவி உயர உயரப் பாத்திரமும் பெரிதாகும். தளபதி தலையில் மூடியோடு இருக்கும். அதைக் கேட்டு அவன் தரையில் உருண்டு உருண்டு சிரித்தான். "டேய், நீ மனுஷனே இல்லடா" என்றான். அன்றைக்கு அது பாராட்டாகத்தான் இருந்தது.

பிற்பாடு கதாநாயகனாக வந்தவருக்குப் பல் பளீரென்று வெள்ளையாக இருந்தது. உலகம் அழிந்து நாற்பது வருஷம் ஆகிறது, பேஸ்ட் மட்டும் எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அதைக்கூட நான் பெரிதுபடுத்தவில்லை. எதற்கெடுத்தாலும் கோபப்படுகிறவன் இல்லை நான்.

சாவி விஷயம்தான் பொறுக்க முடியாமல் போனது. எனக்குப் பதினாலு வயசில் எங்கள் வீட்டை வெள்ளம் கொண்டுபோய்விட்டது. சுவர்கூட மிஞ்சவில்லை. அந்த வீட்டுச் சாவியை அம்மா கழுத்தில் கயிறு கட்டி மாட்டிக்கொண்டார்கள். பதினோரு வருஷம், சாகிற வரைக்கும். "கதவே இல்ல, சாவி எதுக்கும்மா?" என்று கேட்டால், "வீடு வந்தா தேட வேணாம்ல" என்பார்கள். இதை என் தங்கச்சியோடுகூட நான் பேசினது கிடையாது. அந்த மேஜையில் உட்கார்ந்து அவனிடம் ஒரே ஒரு தடவை சொன்னேன். அவன் அழுதுவிட்டான். அதற்கப்புறம் எங்கள் உலகத்தில் ஒவ்வொருவர் கழுத்திலும் இல்லாத வீட்டின் சாவி தொங்கியது. எதிரிகள் ஆளைக் கொன்றால் சாவியை அறுத்துக்கொண்டு போவார்கள். படத்தின் உயிரே அதுதான்.

படம் பாதி எடுத்திருந்தபோது ஒரு பேட்டி வந்தது. சாப்பாட்டு இடைவேளையில் செட்டில் எல்லோரும் கூடி நின்று போனில் பார்த்தார்கள், நானும் எட்டிப் பார்த்தேன். "இந்த உலகம் எனக்குச் சின்ன வயசுல ஜுரத்துல வந்தது" என்கிறான். சரி, போகட்டும். அப்புறம் கொஞ்ச நேரம் தலையைக் குனிந்துகொண்டிருந்துவிட்டு, "எங்க அம்மா கழுத்துல ஒரு சாவி இருக்கும்..." என்று ஆரம்பித்தான். வீடு வந்தா தேட வேணாம்ல என்பது வரைக்கும், ஒரு வார்த்தை மாறாமல், நாக்கூசாமல் சொன்னான். அவன் அம்மா மூன்று மாடி வீட்டில் நல்லபடியாக இருக்கிறார்கள். கையில் இருந்த தட்டை எங்கே வைத்தேன் என்றே தெரியவில்லை.

அன்றைக்குச் சாயங்காலமே அவன் கேரவனுக்குப் போய்க் கேட்டேன். அவன் மறுக்கவில்லை, வெட்கப்படவும் இல்லை. தோளில் கை போட்டான்.

"டேய், யாரு அம்மாவா இருந்தா என்னடா? கதைக்கு ஒரு அம்மா வேணும், அவ்ளோதான். நீ போய்ச் சொன்னா யாருடா கேக்கப்போறா?"

"அப்ப உலகம்?"

"ஒரு உலகத்துக்கு ஒரு மூஞ்சிதான்டா இருக்க முடியும். உன் பேரும் வரும், கவலைப்படாதே. கலைத் துறை உதவின்னு போடச் சொல்றேன்."

உதவி என்றான். ஆனாலும் சிரித்துக்கொண்டே வெளியே வந்தேன். அவன் கொடுத்த டீயைக்கூடக் குடித்து முடித்துவிட்டுத்தான் வந்தேன். ஒன்பது வருஷம் ஒரே மேஜையில் இருந்தவன் செய்த துரோகத்துக்குச் சத்தம் போட்டு என்ன பிரயோஜனம்?

இப்போது பச்சைப் புள்ளியைச் சொல்ல வேண்டும். அது எங்கள் செட்டில் மட்டும் இருக்கிற பழக்கம், வேறெங்கும் நீங்கள் பார்க்க முடியாது. இந்த மாதிரிப் படத்தில் ஒரு சிக்கல் உண்டு. எல்லாமே இற்றுப்போனது மாதிரிதான் இருக்கும். எது நிஜமாகத் தாங்கும், எது வெறும் தெர்மாகோல் என்று பார்த்துச் சொல்ல முடியாது. என் வேலை நன்றாக இருந்தால் நிச்சயம் சொல்ல முடியாது. முன்னொரு படத்தில் ஒரு நடிகர் பாறை என்று நம்பி உட்கார்ந்து, அதற்குள்ளேயே போய்விட்டார். இடுப்பு பிடித்துக்கொண்டது. அதிலிருந்து, ஆள் ஏறுகிற பொருள் எதுவானாலும் நானே அதன்மேல் மூன்று தடவை குதித்துப் பார்ப்பேன். தாங்கினால், கேமராவுக்குத் தெரியாத ஓரத்தில் நகம் அளவுக்குப் பச்சைப் பெயின்ட்டில் ஒரு புள்ளி. அந்த டப்பா என் பையில்தான் இருக்கும், வேறு யாரும் தொட மாட்டார்கள். ஸ்டண்ட் ஆட்கள் பொருளைப் பார்ப்பதில்லை, புள்ளியைத்தான் பார்ப்பார்கள். புள்ளி இருந்தால் ஒத்திகைக்கு இடுப்புக் கயிறுகூடக் கட்டுவதில்லை. ஆறு வருஷத்தில் ஒரு சிராய்ப்புகூட இல்லை.

டைரக்டருக்கு ஒரு வழக்கம் இருந்தது. எந்த ஆபத்தான இடமானாலும் முதலில் அவன்தான் நடந்து காட்டுவான். கீழே ஒருவன் அதை வீடியோ எடுப்பான். நான் செய்யாததை என் ஆட்களைச் செய்யச் சொல்ல மாட்டேன் என்று அதற்கு ஒரு வசனம் வேறு. கயிறு கட்டினால் வீடியோ எடுபடாது என்று கட்ட மாட்டான். அவன் தைரியம் முழுக்க என் பச்சைப் புள்ளிதான். அதையும் தன் தைரியம் என்றே சொல்லிக்கொண்டான்.

செட்டில் கட்டின அந்தப் பாலத்தில், கால் வைத்து நடக்க மொத்தம் பதினாலு தகடு. உயரம் நாற்பது அடி, கீழே சிமெண்ட் தரை. ஏழாவதைக் கழற்றிவிட்டு வேறொன்று வைத்தேன். பழைய இரும்புக் கடையில் நான்கு நாள் தேடிப் பொறுக்கினது. வெளிப்பார்வைக்கு மற்ற பதின்மூன்றும் அதைவிட மோசமாக இருந்தன, ஏனென்றால் அவை என் வேலை. இது நிஜமாகவே இற்றுப்போனது, அதனால் சுமாராக இருந்தது. நிஜத்துக்கு எப்போதும் அப்படித்தான், கூடவே கொஞ்சம் கை வைக்க வேண்டியிருக்கும். ஓரங்களில் கறுப்பு ஏற்றினேன். பிறகு பச்சைப் புள்ளி வைத்தேன்.

அதே மாதிரி இன்னொரு தகட்டில் மணல் மூட்டை அடுக்கிப் பார்த்திருந்தேன். அறுபத்தைந்து கிலோ தாங்கியது. எழுபதில் சத்தமே இல்லாமல் போய்விட்டது. டைரக்டர் எண்பத்திரண்டு கிலோ. கை கால் உடைந்தால் போதும் என்றுதான் நினைத்தேன் என்று சொன்னால் நீங்கள் எழுதிக்கொள்வீர்கள். நானும் கொஞ்ச நாள் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். நாற்பது அடி என்பது எனக்குத் தெரியும், மேடம். அளந்து கட்டியவனே நான்தான்.

பாலத்தில் படம் எடுக்கிற அன்று காலையில் எங்கள் செட் வெல்டர் மேலே ஏறிக் கடைசியாக ஒரு சுற்றுப் பார்த்தார். அமைதியான மனுஷர், ஐம்பது கிலோகூட இருக்க மாட்டார், ஸ்பேனரால் ஒவ்வொரு தகட்டையும் தட்டிக்கொண்டே போவார். ஏழாவதில் நின்றுவிட்டார்.

"துரு அண்ணே, இது மட்டும் வேற மாதிரி சத்தம் குடுக்குதே?"

"புள்ளி இருக்கா பாருங்க" என்றேன் கீழேயிருந்து.

குனிந்து பார்த்தார். "இருக்குண்ணே" என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டார். இருபத்து மூன்று நாளாக நீங்கள் உள்ளே வைத்திருப்பது அவரைத்தான். அவர்மேல் ஒரு தப்பும் கிடையாது. இதைச் சொல்லத்தான் முதலில் வந்தேன். மனசு கேட்கவில்லை.

இனி பல்லியைச் சொல்ல வேண்டும். சுவரில் ஒட்டிக்கொண்டு ஏறுவதால் அந்தப் பெயர். கதாநாயகனுக்கு டூப் போடுகிறவன். என் தங்கச்சி புருஷன். என் வேலையை வேடிக்கை பார்க்க வருகிறேன் என்று வீட்டுக்கு வந்து வந்து என் தங்கச்சியைப் பார்த்துவிட்டுப் போனவன். கல்யாணத்தன்று என் காதில் சொன்னான், "மச்சான், உங்க புள்ளி இருந்தாத்தான் நான் கால் வெப்பேன், வீட்லயும் அப்படித்தான்." நான் சம்மதம் சொன்னதைத்தான் அப்படிச் சொன்னான். அவனைப் பிடிக்காதவர்கள் யாருமே கிடையாது. எனக்கும் ரொம்பப் பிடிக்கும்.

அன்றைக்குச் சரியான வெயில். பதினொன்றரை மணி இருக்கும். டைரக்டர் ஏணியில் ஏறி மேலே போய்விட்டான். முதல் தகட்டின்மேல் கால் வைக்கப் போனவன் நின்றான். செருப்பு வழுக்குகிறது, ஷூ மாற்ற வேண்டும் என்றான். ஷூ வர நேரமாகியது. பல்லி ஏற்கனவே உடுப்பெல்லாம் போட்டுக்கொண்டு மேலே நின்றுகொண்டிருந்தான். "சார், நீங்க நிழலுக்குப் போங்க, நான் ஒரு நடை நடந்து பாத்துடறேன்" என்றான். டைரக்டர் கயிறு கட்டச் சொன்னான். அதை இல்லையென்று சொல்ல மாட்டேன். பல்லி சிரித்தான். "எங்க மச்சான் வெச்ச புள்ளி சார். கண்ணைக் கட்டிட்டே நடப்பேன்."

எனக்கு முதலில் பதற்றம் ஒன்றும் வரவில்லை. பல்லி ஐம்பத்தாறு கிலோ. தகடு அறுபத்தைந்து தாங்கும். அவன் போய்த் திரும்பி வந்தால் டைரக்டருக்கு இன்னும் தைரியம் வரும், நல்லதுதானே என்று தோன்றியது. அவன் மூன்றாவது தகட்டுக்கு வந்தபோதுதான் மார்பில் வெயில் பட்டு மின்னியது. கவசம். முதலில் ஃபைபரில்தான் செய்திருந்தார்கள். நடந்தால் பிளாஸ்டிக் வாளி மாதிரி சத்தம் கேட்கிறது, இந்த உலகத்தில் பிளாஸ்டிக்கே கிடையாது என்று சண்டை போட்டு, நிஜ இரும்பில் மாற்றியவன் நான். பதினாலு கிலோ. ஐம்பத்தாறும் பதினாலும் எழுபது.

கணக்கு அப்போதே, மூன்றாவது தகட்டிலேயே, எனக்குத் தெரிந்துவிட்டது. இதை மறைக்க விரும்பவில்லை. கையில் வாக்கி டாக்கி இருந்தது. அது இல்லாவிட்டாலும் நான் கத்தினால் அவனுக்குக் கேட்கும். நான்கு, ஐந்து, ஆறு. அவன் மெதுவாகத்தான் நடந்தான், அவசரப்படுகிறவன் இல்லை. ஆறாவதில் நின்று கீழே என்னைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினான். நானும் உயர்த்தினேன்.

ஏன் கத்தவில்லை என்று கேட்பீர்கள். கத்தினால் ஏன் கத்தினாய் என்று எல்லோரும் கேட்பார்கள். இறக்கிப் பார்ப்பார்கள். தகட்டைக் கழற்றுவார்கள். டைரக்டர் அதைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்ப்பான். பிறகு மன்னித்துவிடுவான். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அவன் என்னை எல்லோர் முன்னாலும் கட்டிப்பிடித்து மன்னித்து, அதையும் ஒரு பேட்டியில் தலையைக் குனிந்துகொண்டு சொல்வான். இவ்வளவையும் யோசிக்க எனக்கு நேரம் இருந்தது. ஒரு தகட்டிலிருந்து அடுத்த தகட்டுக்குப் போகிற நேரம் நீங்கள் நினைப்பதைவிட நீளமானது.

தகடு சத்தமில்லாமல் போனது, மணல் மூட்டைக்குப் போன மாதிரியே. பல்லியும் சத்தம் போடவில்லை. அவனுக்குப் பின்னால் துருத்தூள் மட்டும் கொஞ்ச நேரம் வெயிலில் இறங்கிக்கொண்டிருந்தது. நிஜத் துரு விழுகிற விதமே வேறு, மேடம். நாங்கள் செங்கல் பொடியை ஊதி ஊதி வருஷக்கணக்காக முயற்சி பண்ணியும் அந்த நிறம் வரவில்லை. இதைக் கவனித்தேன் என்று சொல்வது உங்களுக்குப் பிடிக்காது. ஆனால் கவனித்தேன்.

முதலில் ஓடியவன் நான்தான். தூக்கியவனும் நான்தான். தங்கச்சிக்குப் போன் போட்டதும், அவள் வந்து இறங்கியபோது தாங்கிப் பிடித்ததும் நான்தான். இருபத்து மூன்று நாளாக அவள் என் வீட்டில்தான் இருக்கிறாள். வெல்டர் நன்றாகப் பார்க்கவில்லை என்று நீங்கள் கூட்டிக்கொண்டு போனபோது, அவள் அவரைச் சபித்தாள். நான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். மனசு கேட்கவில்லை என்று சொன்னேனே, அந்த நாட்களில் எல்லாம் அது எங்கே போயிருந்தது என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. கேட்டுக்கொண்டிருந்தது, சொல்வதற்கு ஒரு நேரம் வர வேண்டியிருந்தது.

நேற்றுக் காலையில் டைரக்டர் பத்திரிகைக்காரர்களைக் கூப்பிட்டிருந்தான். கசங்கின வெள்ளைச் சட்டை. அது தானாகக் கசங்கினது இல்லை, கசக்கினது. எனக்கு வித்தியாசம் தெரியும். மைக்கைப் பிடித்துக்கொண்டு அழுதான். "அந்தப் பாலத்தை மனசுல கட்டினவன் நான். அதோட ஒவ்வொரு தகடும் என் கற்பனை. அந்த வெல்டரை விட்டுடுங்க. இந்தச் சாவுக்கு யார் காரணம்னு கேட்டா, நான்தான் காரணம். நான் மட்டும்தான்." அங்கிருந்தவர்கள் எல்லோரும் அழுதார்கள்.

தங்கச்சி டிவியையே பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை நாளில் முதல்முறையாக முகம் கொஞ்சம் இளகியது. "பாத்தியாண்ணே? எவ்ளோ பெரிய மனுஷன். எவனோ செஞ்ச தப்பைத் தன் தலையில போட்டுக்கறார்" என்றாள். உலகத்தை எடுத்துக்கொண்டான். அம்மாவை எடுத்துக்கொண்டான். இதையும் எடுத்துக்கொள்ளப் பார்க்கிறான். நான்கு நாள் வெயிலில் அலைந்து அந்தத் தகட்டைத் தேடினது அவனா? மூட்டை தூக்கி எடை பார்த்தது அவனா? ஏழாவது எது, எட்டாவது எது என்றுகூட அவனுக்குத் தெரியாது. இன்றைக்குக் காலையில் அவள் எழுந்திருப்பதற்குள் கிளம்பி இங்கே வந்துவிட்டேன்.

வெல்டருக்காகத்தான் வந்தேன். அதை மேலேயே எழுதிவிட்டீர்கள் அல்லவா? சரி. அதன் கீழே இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: தகட்டைத் தேர்ந்தெடுத்தது, வைத்தது, புள்ளி போட்டது, பார்த்துக்கொண்டு நின்றது, எல்லாம் நான் ஒருவன். யாருடைய உதவியும் இல்லை. டைரக்டருக்கு இதில் எந்தப் பங்கும் கிடையாது. அவன் பெயரே வராமல் எழுத முடிந்தால் இன்னும் நல்லது. தங்கச்சிக்கு யார் சொல்வது என்று கேட்கிறீர்கள். நானே சொல்கிறேன், இங்கே கூப்பிட்டு அனுப்புங்கள். அவன் முந்திக்கொள்வதற்குள் கூப்பிடுங்கள்.

பேனாவைக் கொடுங்கள். கடைசிப் பக்கத்தில் மட்டும் கையெழுத்துப் போட்டால் போதும் என்கிறீர்கள். வேண்டாம், எல்லாப் பக்கத்திலும் போடுகிறேன். நாளைக்கு யாரும் வந்து இது தன்னுடையது என்று சொல்லிவிடக் கூடாது.